பிழை எண் யாருக்கு?

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி மேலேறும் தோட்டமொன்றில், லயத்துக் காம்பிராவின் மூலையிலே ஒரு மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய அடுப்பு அது. தாய் கொழுந்து பறிப்பவள். ஒரு மழைக்காலத்து மாலையில் அந்த அடுப்பு இயங்க மறுத்தது. அதன் முகப்பில் ஆங்கில ‘ஈ’ என்ற எழுத்தும் 3 என்ற எண்ணும் மாறி மாறி மினுங்கின. அந்தத் தாய் நம்மை வந்து அழைத்தாள். “சேர், இதுல என்னமோ எழுத்து வருது. நீங்க படிச்சவங்கதானே, என்னான்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

நாம் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர்கள். சங்கப் பாட்டுக்கு மூன்று உரைகளையும் ஒப்புநோக்கிப் பொருள் சொல்லுவோம். அந்த இரண்டு குறிகளுக்குப் பொருள் சொல்ல நமக்குத் தெரியவில்லை. அடுப்போடு வந்த கைந்நூலைப் புரட்டினோம். ஐந்தாறு மொழிகளில் அச்சிடப்பட்டிருந்த அந்நூலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தில், ‘முகப்பில் பிழைக்குறி தோன்றினால் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்தை அணுகுக’ என்ற கருத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. இயந்திரத்துக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது. அதை வாய்விட்டும் சொல்லுகிறது. பணம் கொடுத்து வாங்கியவளுக்கு அது விளங்கக் கூடாதாம்! அந்தக் கூடாமையைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

இச்செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னபோது, நண்பரொருவர் சிரித்துக்கொண்டே, “லயத்துக்கு மைக்ரோவேவ் எதற்கு?” என்று கேட்டார். முற்போக்குக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர் அவர். முதலில் அவருக்கே விடை சொல்லவேண்டியிருக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் நான்கு மணிக்கு எழுகிறாள். ரொட்டி சுட்டு, பகலுக்குச் சோறாக்கி, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்பும்வரை, பாடசாலை விட்டு வந்த பிள்ளை குளிர்ந்து விறைத்த சோற்றை உண்ணவேண்டும். இல்லையேல் பன்னிரண்டு வயதில் தானே விறகடுப்பை மூட்டவேண்டும். லயங்களில் தீப்பிடித்து ஒரு வரிசை முழுவதும் எரிந்துபோன செய்தியை ஆண்டுதோறும் நாம் படிக்கிறோம். நெருப்பு மூட்டாமல் ஒரு பிள்ளை தன் உணவைச் சூடாக்கிக்கொள்ள முடியுமென்றால், அந்தக் கருவி அவ்வீட்டுக்கு ஆடம்பரமா? 2022ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக நகரத்து மத்தியதர வகுப்பார் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, மின்னடுப்பின் அருமையை யாவரும் பேசினர். அன்று எவரும் ‘எதற்கு’ என்று கேட்டாரில்லை. தொழிலாளியின் வீட்டுக்குள் ஒரு வசதி நுழையும்போது மட்டும் இக்கேள்வி பிறக்குமானால், அது துரைமாரின் பங்களாவிலிருந்து இறங்கிவந்து படித்தவன் நாவில் குடியேறிய கேள்வி என்றே கொள்ளவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்து ஆற்றுநீர் விழுந்துதான் லக்சபான நிலையம் 1950இல் மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கியது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் நீர் அந்த மின்நிலையத் தொகுதிக்கே செல்லுகிறது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றுகையில் அங்கிருந்த கோவிலின் கற்கள் இன்றும் வெளிப்படுகின்றன. இந்த நீர் கொழும்பு நகரத்துக்கு ஒளி கொடுத்தது. அணைக்கட்டிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் குப்பிவிளக்கே எரிந்தது. மின்சாரம் வந்துசேர்ந்தது பிந்தி. அதனால் இயங்கும் கருவி வந்துசேர்ந்தது அதனினும் பிந்தி. கருவியைப் பற்றிய அறிவோ இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

அந்த அறிவு எங்கே பிறந்தது? மைக்ரோவேவ் அடுப்பின் உயிர்நாடி மாக்னெட்ரான் என்னும் குழாய். அதன் வலிமை மிக்க வடிவத்தை 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்னும் இருவர் ராடார்க் கருவிக்காக ஆக்கினர். அந்த அலையால் உணவைச் சமைக்கலாம் என்று 1945இல் கண்டவர் அமெரிக்காவில் ரேதியன் நிறுவனத்தில் வேலைசெய்த பெர்சி ஸ்பென்சர். ஸ்பென்சர் பட்டதாரியல்லர். தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பை முடிக்காமலே பன்னிரண்டாவது வயதில் ஆலைக்கு வேலைக்குப் போன ஏழைச் சிறுவர். பிற்பாடு தாமே நூல்களைப் படித்து மின்னியல் கற்றவர். 1947இல் விற்பனைக்கு வந்த முதலாவது அடுப்பு ஆளுயரம் இருந்தது. அதன் எடை ஏறத்தாழ 340 கிலோகிராம். சமையலறை மேடையில் வைக்கத்தக்க அடுப்பு 1967இல் வந்தது. ஆலைக்குப் போன சிறுவன் ஒருவன் கண்டறிந்த பொருள், ஆலைக்குப் போகும் வேறொரு குடும்பத்துக்கு இன்று புதிராக நிற்பதை என்னென்பது!

பிழைக்குறியில் மந்திரம் எதுவும் இல்லை. அடுப்பினுள் சிறியதொரு கணிப்புச் சில்லு இருக்கிறது. கதவு மூடியிருக்கிறதா, உள்ளே வெப்பம் எவ்வளவு, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அது இடைவிடாது சோதிக்கிறது. வெப்பவுணரியின் தடை இருக்கவேண்டிய எல்லைக்குள் இல்லையென்றால் ஓர் எண். யாரும் தொடாமலே ஒரு விசை அழுந்தியிருப்பதாகத் தெரிந்தால் வேறோர் எண். கதவின் ஆளி ஒழுங்காக மூடாவிட்டால் மற்றோர் எண். இவ்வளவுதான். இதில் நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அந்த எண் பழுதடைந்த உறுப்பின் பெயரன்று. எந்தச் சுற்றில் முறைகேடு தென்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்லுகிறது. ‘வயிறு நோகிறது’ என்று நோயாளி சொன்னவுடன் குடலை அறுத்தெறியும் மருத்துவர் உண்டா? உணரியின் எண் தோன்றினால் உணரி கெட்டிருக்கலாம். அதற்குச் செல்லும் கம்பி கழன்றிருக்கலாம். இணைப்பு முனையில் ஈரம் பட்டிருக்கலாம். மின்னழுத்தம் ஒருகணம் ஏறியிறங்கியதால் சில்லு தடுமாறியிருக்கலாம். அழைப்பைக் கேட்டபின் ஆராய்வதே பழுதுபார்ப்பவன் கலை.

சேவை நிலையத்தார் ஆராய்ந்தார்களா? அந்தத் தாய் ஒருநாள் வேலையை விட்டு, அடுப்பைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிச் சென்றாள். ஹட்டனில் அதைத் தொடவே மறுத்தார்கள். கொழும்புக்கு அனுப்பினாள். அங்குள்ள நிலையம் ஒன்று, ‘கட்டுப்பாட்டுப் பலகை முழுவதையும் மாற்றவேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்’ என்று விடை சொல்லிற்று. கேட்ட விலைக்குச் சற்றே கூடக் கொடுத்தால் புதிய அடுப்பே வாங்கலாம். “புதுசே வாங்கிக்கங்கம்மா” என்ற அறிவுரை மட்டும் இலவசமாகக் கிடைத்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டு ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்று, 2021இல்தான் அதை வர்த்தமானி வழியாகப் பெற்ற மக்களுக்கு இந்த அறிவுரை! பெறுபவள் எவள், அவள் பையில் இருப்பது எவ்வளவு என்று அறியாத அறிவுரை அறிவுரையாகுமா?

அடுப்பு மீண்டும் மலையேறி வந்தது. அடுத்த ஞாயிறன்று நம் பழைய மாணவன் ஒருவன் அதைப் பார்க்க வந்தான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, நகரத்தில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடையில் கைவேலை பழகியவன். ‘இவன் உருப்படமாட்டான்’ என்று நம் ஆசிரியர் அறை ஒருகாலத்தில் தீர்ப்பளித்த பிள்ளை அவன். அவன் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறோம், வாசகர் கவனிக்க.

முதலில் செருகியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து மீண்டும் செருகினான். மின்னழுத்தத் தடுமாற்றமாயின் குறி இதோடு மறைந்துவிடும். மறையவில்லை. அடுத்துக் கதவின் கொக்கிகளையும் ஓரங்களையும் பார்த்தான். வளைவோ உடைவோ இல்லை. அந்த அடுப்பின் திருத்துநர் குறிப்பேட்டை எங்கோ தேடிக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தான். அதன்படி அந்தக் குறி விசைப்பலகைச் சுற்றைச் சுட்டியது. செருகியைக் கழற்றி, வெளிக்கூட்டைத் திறந்து, கொள்ளளவியில் தேங்கியிருந்த மின்னேற்றத்தை உரிய காப்போடு இறக்கிய பின்னரே உள்ளே கைவைத்தான். விசைப்பலகையிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்லும் நாடாவைக் கழற்றி விட்டுக் கூட்டை மூடி, மறுபடி மின்கொடுத்துப் பார்த்தான். குறி மறைந்திருந்தது! “பலகை நல்லா இருக்கு சேர். கெட்டுப் போயிருந்தா நாடாவக் கழட்டினாலும் இந்த எழுத்து வந்துக்கிட்டேதான் இருக்கும்” என்றான். மீண்டும் செருகியைக் கழற்றி, கொள்ளளவியை முன்போலவே வெறுமையாக்கிய பின், நாடாவின் முனையைக் காட்டினான். மலைமூடுபனியின் ஈரம் படிந்து பச்சை பூத்திருந்தது. அதை மதுசாரத்தால் துடைத்து, உலர்த்தி, மீண்டும் பொருத்தினான். அடுப்பு இயங்கிற்று. செலவு பஸ் கட்டணமும் ஒரு கோப்பைத் தேநீரும்.

முழுப் பலகையையும் மாற்றச் சொன்னவர்களிடம் பட்டயம் இருந்தது, குறிப்பேடு இருந்தது, கருவிகள் இருந்தன. ஈரம் உலர்த்தத் தெரிந்தவனிடம் இருந்ததெல்லாம் காரணத்தைத் தேடும் பழக்கம் ஒன்றுதான். இப்பழக்கம் நம் மக்களுக்குப் புதியதா? ஸ்டோரில் கொழுந்தரைக்கும் ரோதையின் ஓசை சற்றே மாறினால் எந்தத் தாங்கி தேய்ந்தது என்று செவியாலே அறியும் தொழிலாளரை நாம் கண்டிருக்கிறோம். உலர்த்தியிலிருந்து வரும் தூளை மோந்தே வெப்பம் கூடிற்றா குறைந்ததா என்று சொல்பவர்கள் அவர்கள். இவர்களுக்கா இயந்திரம் விளங்காது? விளங்காதபடி அது பூட்டப்பட்டிருக்கிறது.

நிறுவனத்தார் இதற்கு ஒரு நியாயம் சொல்லுவர்: இந்த அடுப்பு ஆபத்தானது, அறிவைத் திறந்துவிட்டால் உயிர்ச்சேதம் நேரும். இதன் முற்பாதி உண்மை. அதை நாமும் உரத்துச் சொல்லுகிறோம். 230 வோல்ற்றில் இயங்கும் இந்தப் பெட்டிக்குள் நிலைமாற்றி அதனை ஈராயிரம் வோல்ற்றளவுக்கு உயர்த்துகிறது. செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவி கொல்லத்தக்க மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். பயிற்சியற்றவர் வெளிக்கூட்டைத் திறக்கவே கூடாது. கதவு சிதைந்த அடுப்பை எவரும் இயக்கலாகாது. ஆனால் இந்த எச்சரிக்கையை அந்தத் தாய் படிக்கக்கூடிய மொழியில் யார் எழுதி வைத்தார்கள்? உண்மையிலே உயிரின்மேல் அக்கறையுள்ளவன் ஆபத்தை விளக்கமாக எழுதுவான். வீட்டார் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்திப் பயின்றவரை அழைக்கவேண்டும் என்று கோடு கிழித்துக் காட்டுவான். குறிப்பேட்டை ஒளிப்பதால் எவரும் பெட்டியைத் திறக்காமல் இருந்துவிடவில்லை. காசில்லாதவன் குருடாகத் திறக்கிறான். மறைத்த அறிவு யாருக்கும் காப்பாகவில்லை. வியாபாரத்துக்கு மட்டுமே காப்பாயிற்று.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் அடுப்பில் வெப்பவுணரியைச் சுட்டும் எண், மற்றொரு நிறுவனத்தின் அடுப்பில் விசைப்பலகையைச் சுட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளிலேகூடப் பொருள் மாறலாம். ஒரே நோய்க்கு ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனி இரகசியப் பெயர் வைப்பதைப் போன்றதே இது. ‘உலக வழக்கம் அப்படி’ என்பாருக்கு மோட்டார் வண்டியைக் காட்டுவோம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும், புகை மாசைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் வழியாக, பழுதுக்குறிகளுக்குப் பொது ஒழுங்கு வந்தது. இயந்திரத்தின் எரிதல் தவறினால் எந்தக் கம்பனியின் காரானாலும் ஒரே குறிதான். தெருவோரத் திருத்துநரும் அதைப் படிக்கலாம். சட்டம் வற்புறுத்தியதும் முதலாளிகளால் முடிந்தது. அடுப்பிலே மட்டும் முடியாமற் போனது எப்படி?

உலகில் இதற்காகப் போராட்டம் நடக்கிறது. கலிபோர்னியாவில் 2023இல் இயற்றி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப்பாகமும் கருவியும் திருத்தற் குறிப்பும் கொடுக்கவேண்டுமென நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அச்சட்டம் தழுவும் வீட்டுக்கருவிகளில் மைக்ரோவேவ் அடுப்பும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கான ஆணையை நிறைவேற்றியது. சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் அதன் பட்டியலில் இடம்பெற்றன, மைக்ரோவேவ் இடம்பெறவில்லை. இந்திய அரசு 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. குறைகள் இருக்கலாம், ஆயினும் ‘வாங்கியவனுக்குத் திருத்தும் உரிமை உண்டு’ என்ற வாக்கியம் சட்டத்தில் ஏறிவிட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறது. அதன் கதவை இந்தக் கோரிக்கையோடு நாம் தட்டினோமா?

‘தமிழில் இவற்றை எழுத முடியுமா?’ என்று ஐயுறுவோர் நம் ஆசிரியர்களிலேயே உண்டு. 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்கூற்றுக்கும் இரண வைத்தியத்துக்கும் தமிழிலே நூல் செய்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருதயத்தின் அறைகளை விளக்கிய மொழிக்கு ஓர் அடுப்பின் உணரியை விளக்க வலுவில்லையா? கொள்ளளவி, நிலைமாற்றி, உருகி, பல்மானி என்னும் சொற்களெல்லாம் நம் பாடநூல்களில் இருப்பவையே. அவை பரீட்சைத் தாளில் பிறந்து பரீட்சைத் தாளிலே மடிகின்றன. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி ஆயிற்று. ஆட்சிமொழி ஆன மொழி அடுப்பின் முதுகில் ஓர் எச்சரிக்கைத் தாளாக ஒட்டப்படவேனும் தகுதி பெறவில்லை.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். ‘படிச்சவங்கதானே’ என்ற அந்தத் தாயின் சொல் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. கொள்ளளவியின் வரைவிலக்கணத்தை நம் மாணவர் மனனஞ் செய்து ஒப்பிக்கின்றனர். ஒரு கொள்ளளவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. நம் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு நடந்துபோகும் தூரத்தில் அப்பிரிவு இருக்கிறதா? மண்வெட்டி பிடித்தவன் பிள்ளை பேனா பிடித்தால் போதும் என்று நாம் எண்ணிவிட்டோம். இடையிலே திருப்புளியும் பல்மானியும் பிடிக்கும் கையை இழிவாகக் கண்டோம். அந்த இழிவெண்ணம் நிறுவனங்களின் பூட்டுக்கு நாமே செய்து கொடுத்த சாவி.

ஆகவே நாம் கேட்பது இதுதான். இந்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் அதன் பிழைக்குறிகளின் பொருளும் ஆபத்தெச்சரிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுக்கப்படவேண்டும். கார்களுக்குப் போலவே வீட்டுக் கருவிகளுக்கும் பொதுவான பிழைக்குறிகள் சட்டத்தால் வரவேண்டும். சுற்று வரைபடமும் உதிரிப்பாகமும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இருக்கும் திருத்துநருக்குக் கிடைக்கவேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். சம்பளத்தில் ஒரு ரூபா கூட்டிப் பெறுவதும், இருக்கும் பொருளைக் குப்பையாக்கிச் சம்பளத்தைப் பறிக்கும் வழியை அடைப்பதும் ஒரே போராட்டந்தான்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. நம் பாடசாலையில் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். எந்த அடுப்பில் எந்தக் குறி வந்தது, முதலில் எதைச் சோதிப்பது, எங்கே கைவைக்கலாகாது என்பதைப் பழைய மாணவன் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் எழுதுகின்றனர். முதற்பக்கத்தில் சிவப்பு மையால் கொள்ளளவியின் ஆபத்து எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அந்தத் தாயின் வீட்டு ‘ஈ 3’ இருக்கிறது. வாசிக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலையிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். நம்மிடம் மீண்டும் ஒரு தாய் வந்து, “இது என்னா எழுத்து?” என்று கேட்கும்போது, தலைகுனியாமல் விடை சொல்லும் கடமை நமக்குண்டு.